பதினாலு பை மூணு

லீ பஜாரில் வெல்ல மண்டியின் ஷட்டர் இறங்கும் சத்தம்தான்
பதினோரு வருஷமாக அர்த்தநாரிக்கு
பாய் விரிக்கும் நேரம்.
சாரல் அடித்தால் ஷட்டரோடு ஒட்டிக்கொள்வார்.
போலீஸ் லத்தி தட்டினால்
திருமணிமுத்தாற்றுப் பாலத்தடிக்குப் போய்
வாடை தாங்காமல் திரும்பி வருவார்.
அவர் சட்டையில் எறும்புகள் வெல்லம் தேடும்.

ஏர்க்காட்டுப் பனி ஊருக்குள் இறங்கும் மார்கழியில்
வேனில் வந்து போர்வை கொடுப்பார்கள்,
படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.
மூன்றாவது மார்கழியில் அவர் கேட்டாராம்:
"இதைப் பகல்லே எங்கே மடிச்சு வைக்கட்டும்?"

வேன் பதில் சொல்லவில்லை.
கேள்வி எங்கள் சீட்டுக் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

"மொதல்ல குடிய நிறுத்தட்டும்" என்றார்
மூட்டை தூக்கும் மாதேஸ்வரன்,
"அப்புறம் வீடு பார்க்கலாம்."
பாதிப் பேர் தலையாட்டினோம். நானும்தான்.
பூக்கடை நல்லாயி நார் கிழித்தபடியே கேட்டாள்:
"ரெஜினா, உன் வீட்டுக்காரர் குடிக்கிறாரே,
ராத்திரி எங்கே படுக்கிறார்?"
"வீட்லதான்."
"அவ்ளோதான்" என்றாள்,
அடுத்த நாரை எடுத்தாள்.

(குடியை விட்டவனுக்குத்தான் குடியிருப்பு என்றால்
சேலத்தில் பாதிக் கட்டில் காலியாகும்.
இது அவள் சொன்னதில்லை.
கணக்கு நோட்டின் ஓரத்தில் நான் எழுதிவைத்தது.)

ஏழு வீடு பார்த்தோம்.
ஒருவர் என்ன ஆளுங்க என்றார்.
ஒருவர் சம்பளச் சீட்டு கேட்டார்.
ஒருவர் ஒண்டி ஆளா என்று கேட்டபடியே
கதவைச் சாத்திக்கொண்டார்.
எட்டாவது, கிச்சிப்பாளையத்தில்,
மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, ஒரு ஜன்னல்.
"வாடகை நின்னா யார் பொறுப்பு?"
செங்கோட்டுவேல் கேட்டது நியாயம்தான்.

பத்திரத்தில் இருபத்துமூன்று கையெழுத்து,
நாலு கைநாட்டு,
இடம் போதாமல் பின்பக்கமும்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினார்.
"என் கல்யாணத்துக்கே ரெண்டு சாட்சிதானம்மா."

மாசம் மூவாயிரத்து முந்நூறு.
தலைக்கு நூறு, இருபத்தேழு பேர்.
மீதி அறுநூறு அர்த்தநாரி,
மண்டி கூட்டிப் பெருக்கும் காசில்.
எத்தனை மாசத்துக்கு என்ற கட்டத்தில்
எதுவும் எழுத வேண்டாம் என்றாள் நல்லாயி.

கவுஸ் பாய் சாவி வெட்டிக் கொடுத்தார்,
கூலி வாங்கவில்லை, சீட்டிலும் சேரவில்லை.

முதல் ராத்திரி
கதவைப் பூட்டிவிட்டு வாசலில் படுத்தார்.
இரண்டாம் ராத்திரியும்.
மூன்றாம் நாள் கதவு திறந்திருந்தது,
கால் உள்ளே, தலை வெளியே.
மாதேஸ்வரன் காசு வீண் என்றார்.
நானும் உள்ளுக்குள் கணக்குப் போட்டேன்,
பொய் சொல்லவில்லை.
எந்த நாள் தலையும் உள்ளே போனது என்று
எங்களில் யாருக்கும் தெரியாது.

ரேஷன் கார்டு மனுவில்
முகவரிக் கட்டம் வந்ததும் என்னை நிறுத்தினார்.
"சத்தமா எழுதுங்க."
கதவு எண் பதினாலு பை மூணு என்று
சொல்லிக்கொண்டே எழுதினேன்.
இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

நன்றி எல்லாம் சொன்னதில்லை.
வியாழக்கிழமை இன்னும் குடிக்கிறார்,
உள்ளே தாழ் போட்டுக்கொண்டு.
ஃபேன் கிறீச்சிடுகிறதாம்,
போர்த் தண்ணீர் உப்பாம்,
வெள்ளையடித்து ரெண்டு வருஷம் ஆச்சாம்.
செங்கோட்டுவேலிடம் அவர் சண்டை போடுவது
தெரு முனை வரை கேட்டது.
நல்லாயி அன்று அளவுக்கு மேல் ஒரு முழம் அளந்து கொடுத்தாள்,
யாருக்கென்று ஞாபகமில்லை.

நேற்று மண்டி ஷட்டர் இறங்கியபின்
அதே இடத்தில் ஒரு பெண்ணும் ஒரு டிரங்குப் பெட்டியும்.
நோட்டில் அடுத்த பக்கத்தில் கோடு போட்டிருக்கிறேன்.
பேர் இன்னும் கேட்கவில்லை.